இரு நாய்களின் முதல் சந்திப்பு

ஏற்கெனவே நாய் வளரும் வீட்டுக்கு இன்னொரு நாயைக் கொண்டுவருவோர், இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திவிட்டால் அவை தாமாகவே பழகிக்கொள்ளும் என்று எண்ணுவதுண்டு. அறிமுகமற்ற இன்னொரு நாயை அணுகும் முறை பெரும்பாலான நாய்களுக்குத் தெரியும் என்பது உண்மையே. ஆனால் அந்த முறை பலிக்க வேண்டுமானால் போதிய இடைவெளியும், வேண்டாதபோது விலகிச் செல்லும் வாய்ப்பும் இருக்க வேண்டும். கயிறும் பூட்டிய கேட்டும் பறித்துக்கொள்பவை இவ்விரண்டையுமே ஆதலால், பாதுகாப்பான அறிமுகம் என்பது பெரும்பாலும் அவற்றை நாய்க்குத் திருப்பித் தருவதுதான்.

தெருவில் கட்டின்றித் திரியும் நாய்களைக் கவனித்தால் இது விளங்கும். சண்டை நோக்கமில்லாத இரு நாய்கள் நேர்கோட்டில் வருவதில்லை. வளைந்து வந்து, பக்கவாட்டில் நின்று, ஒன்றன் பின்புறத்தை மற்றொன்று முகர்கின்றன. ஆசனவாயின் இருபுறமும் உள்ள சிறு சுரப்பிப் பைகளின் வாசனையிலிருந்தும் சிறுநீரிலிருந்தும் எதிரே நிற்பது யார் என்பதை நாய் அறிகிறது. மேலண்ணத்துக்கு மேலே அமைந்த ஜேகப்சன் உறுப்பு என்னும் தனிப் புலனுறுப்பும் இதற்குத் துணைசெய்கிறது. மாறாக, இழுத்துப் பிடித்த கயிறு தலையை நிமிர்த்தி, மார்பை முன்தள்ளி, வளைந்து செல்லும் வழியையும் அடைத்துவிடுவதால், மிரட்ட நினைக்காத நாயும் மிரட்டுவது போன்ற தோற்றத்தைப் பெறுகிறது.

சந்திப்புக்கு முன் உடல்நலத்தை உறுதிசெய்துகொள்ள வேண்டும். பார்வோ, டிஸ்டெம்பர் ஆகிய வைரஸ் நோய்கள் வெளியில் தெரிவதற்குச் சில நாட்கள் பிடிப்பதால், தடுப்பூசி விவரம் தெரியாத புதிய நாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி, சுமார் 2 வாரம் தனியே வைத்திருப்பது நல்லது. அதன் வளர்ப்புப் பின்னணியையும் கேட்டறிய வேண்டும். அமெரிக்க ஆய்வாளர்களான ஸ்காட், ஃபுல்லர் இருவரும் 1965இல் வெளியிட்ட நூலில், ஏறத்தாழ 3 முதல் 12 வாரம் வரையிலான பருவமே குட்டி பிறருடன் பழகக் கற்கும் காலம் என்று காட்டினர். அப்பருவத்தில் வேறு நாய்களைக் காணாமல் வளர்ந்த நாய்க்குக் கூடுதல் அவகாசம் தேவைப்படும்.

முதல் சந்திப்பு வீட்டிலோ வாசலிலோ நிகழாமல், இரண்டில் எதுவும் தன் எல்லையாகக் கருதாத அகலமான மைதானத்திலோ ஆள் நடமாட்டம் குறைந்த சாலையிலோ நிகழ வேண்டும். ஆளுக்கொரு நாயாக இருவர் பிடித்துக்கொண்டு, கயிற்றைத் தளர்வாக விட்டு, ஒரே திசையில் இணையாக நடக்க வேண்டும். எவ்வளவு தூரம் போதுமானது என்பதற்கு எளிய சோதனை உண்டு: மற்ற நாயைப் பார்த்த பின்னும் கையிலுள்ள தின்பண்டத்தை வாங்கித் தின்றால் அந்த இடைவெளி சரி, தின்ன மறுத்து வெறித்துப் பார்த்தால் இன்னும் விலக வேண்டும். இரண்டும் இயல்பாக நடக்கத் தொடங்கிய பிறகு இடைவெளியைச் சிறிது சிறிதாகக் குறைத்து, மூன்று வினாடி அளவுக்கு முகரவிட்டு, உடனே அன்பாக அழைத்து நடையைத் தொடர வேண்டும்.

நார்வே நாட்டுப் பயிற்றுநர் டூரிட் ருகாஸ், தலையைத் திருப்புதல், மூக்கை நக்குதல், கொட்டாவி விடுதல், தரையை முகர்தல் போன்றவற்றைப் பதற்றம் தணிக்கும் சைகைகள் என விளக்கினார்; இவை தென்பட்டால் சற்று இடம் கொடுக்க வேண்டும். உடல் விறைத்து, வாய் மூடி, கண்ணின் வெண்பகுதி தெரியப் பார்த்தால் உடனே பிரித்துவிட வேண்டும். வாலாட்டுவதை மட்டும் நட்பின் அடையாளமாகக் கொள்ளக் கூடாது. உயர்த்திய வாலை விறைப்பாகவும் வேகமாகவும் அசைப்பது பெரும்பாலும் கிளர்ச்சியின் அறிகுறியே. உறுமினால் அதட்டுவதும் தவறு, ஏனெனில் உறுமல் என்பது எச்சரிக்கை. அதை அடக்கக் கற்றுக்கொண்ட நாய் எச்சரிக்காமலே கடிக்கக்கூடும்.

வீட்டுக்குள் சண்டை மூள்வது பெரும்பாலும் உணவுத் தட்டு, எலும்பு, விளையாட்டுப் பொருள், படுக்கை ஆகியவற்றின் பொருட்டும், கதவிடுக்கு, படிக்கட்டு போன்ற ஒதுங்க வழியில்லாத இடங்களிலுமே ஆகும். எனவே பொருள்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தி, உணவைத் தனித்தனி அறைகளில் வைத்து, தொடக்க வாரங்களில் ஆளில்லாத நேரங்களில் இரண்டையும் பிரித்தே வைக்க வேண்டும். சண்டை மூண்டுவிட்டால் இடையில் கையை நுழைக்காமல், வாளித் தண்ணீரை ஊற்றியோ நாற்காலியைக் குறுக்கே நுழைத்தோ விலக்க வேண்டும். பல் பதிந்த காயம் மேலே சிறிதாகவும் உள்ளே ஆழமாகவும் இருக்கக்கூடும் என்பதால் நாயை மருத்துவரிடம் காட்ட வேண்டும். மனிதரைக் கடித்திருந்தால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எல்லா நாய்களும் கூடி விளையாடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை; மூட்டுவலியுள்ள முதிய நாய்க்குத் துள்ளும் குட்டி தொல்லையாகவே தோன்றலாம். ஒரே கூடத்தில் ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் இரண்டும் படுத்திருக்குமானால் அறிமுகம் வெற்றி பெற்றதாகவே கொள்ளலாம். அதற்குச் சில நாட்களோ சில மாதங்களோ ஆகலாம் என்பதால், வேகத்தைத் தீர்மானிக்க வேண்டியது வளர்ப்பவரின் அவசரமன்று, இரண்டில் அதிகம் அஞ்சும் நாயின் நிதானமே.