ஆகாய கங்கையின் நீர் சொல்லும் சேதி

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். மேலே அறப்பளீஸ்வரர் கோயில். அதன் அருகிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை அருவி. சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுவது அய்யாற்றுத் தண்ணீர். இதுவே புளியஞ்சோலை வழியாகத் திருச்சி மாவட்டச் சமவெளிக்கு இறங்குகிறது.

குளிக்கப் போகும் விவசாயிகள் தண்ணீரின் நிறத்தையும் கவனிக்க வேண்டும். பலத்த மழைக்குப் பிறகு செம்மண் கரைந்து வந்தால், மேலே ஏதோ ஒரு சரிவில் மேல்மண் போகிறது என்று பொருள்.

கொல்லிமலையில் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு தலைமுறைகளாக விளைந்தவை. பிறகு கையில் காசு தரும் மரவள்ளி பல சரிவுகளைப் பிடித்தது. அதில் தவறில்லை, குடும்பம் நடக்க வேண்டுமே. ஆனால், சாமை நெருக்கமாக வளர்ந்து சல்லி வேரால் மண்ணைப் பிடிக்கும். மரவள்ளியோ இடைவெளி விட்டு நடப்படுகிறது. முதல் இரண்டு, மூன்று மாதம் நிலம் மூடாது. அறுவடையின்போது கிழங்கோடு மண்ணும் கிளறப்படுகிறது. அந்த நேரம் பெருமழை வந்தால் மண் ஓடையில்தான் சேரும்.

மரவள்ளியை விட வேண்டியதில்லை. சரிவின் குறுக்கே நடவு செய்யலாம். இடையில் உளுந்து, தட்டைப்பயறு விதைத்தால் நிலம் சீக்கிரம் மூடும். சம உயரக் கோட்டில் கல் வரப்போ, வெட்டிவேர் வரிசையோ அமைக்கலாம். செங்குத்தான இடங்களுக்கு நிழல் மரத்தோடு மிளகு, காபி ஏற்றவை. மண் தங்கினால் மழைநீர் உள்ளே இறங்கும். கோடையிலும் ஊற்று கசியும். மலையில் போடும் வரப்பு, கீழே உள்ளவர் கிணற்றுக்கும் காப்பு.

குடும்பத்தோடு செல்வோர் கவனத்துக்கு:

* காலையிலேயே இறங்குங்கள். இறங்குவதை விட ஏறுவதுதான் சிரமம். மூட்டு வலி, இதய நோய் உள்ளவர்கள் கோயிலோடு நிற்பது நல்லது.
* ஈரப் படிகள் வழுக்கும்; பிடிப்புள்ள செருப்பு அவசியம்.
* மலையில் மழை பெய்தால் நீர் திடீரென்று பெருகும். வனத்துறை தடுத்தால் திரும்பிவிடுங்கள்.
* சோப்பு, ஷாம்பு, பிளாஸ்டிக் வேண்டாம். அந்தத் தண்ணீர் கீழே யாரோ ஒருவரின் வயலுக்குப் போகிறது.
* திரும்பும்போது மலை மிளகும் சாமையும் விளைவித்தவரிடமே வாங்குங்கள். சாமைக்கு விலை கிடைத்தால், சாமை விதைக்க ஆள் இருப்பார்கள்.