தடைக்குப் பிறகும் கூடியது ஏன்?

2013 மே மாதம் தமிழக அரசு குட்கா, பான் மசாலா விற்பனைக்குத் தடை விதித்தது. பழக்கம் குறைந்ததா? பெரியவர்களிடம் நடத்தப்பட்ட புகையிலை ஆய்வில் 2009-10இல் 16.2 சதவீதமாக இருந்த தமிழகத்தின் புகையிலைப் பயன்பாடு, 2016-17இல் 20 சதவீதமானது. ஆனால் இதில் பீடி, சிகரெட்டும் அடக்கம். தடை தோற்றது என்று உடனே தீர்ப்பெழுத முடியாது.

காரணம் தேட வரி, விலை, அபராதம், புற்றுநோய்ப் பதிவேடு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கேதான் சிக்கல். ஒரு பட்டியலில் திருச்சி, இன்னொன்றில் திருச்சிராப்பள்ளி என்றிருந்தால் கணினிக்கு அவை இரண்டு ஊர்கள்.

இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, தரவில் வரும் ஒவ்வொன்றுக்கும் நிலையான ஓர் இணைய முகவரி கொடுத்து, தரவுகளை ஒன்றோடொன்று கோர்க்கும் வழியை 2006இல் டிம் பெர்னர்ஸ்-லீ வகுத்தார். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் 'பாப்சைகிரிட்' திட்டம் புகைப்பழக்கத்தையும் மாநிலங்களின் புகையிலைக் கொள்கைகளையும் இப்படி இணைத்துப் பார்த்தது.

இந்தியாவிலும் மாவட்டம், உள்ளாட்சி அமைப்பு ஒவ்வொன்றுக்கும் மத்திய அரசின் குறியீட்டெண் உண்டு. அதை எல்லாத் துறைகளும் பயன்படுத்தினால் கோர்ப்பது எளிது. ஆனால் புகையிலை ஆய்வு மாநில அளவோடு நின்றுவிடுகிறது. திருச்சியின் எடமலைப்பட்டி புதூர் போன்ற ஒரு பகுதியின் நிலவரம் தெரிய, தனிநபர் அடையாளம் நீக்கிய வார்டு வாரியான கணக்கு முதலில் வெளிவர வேண்டும்.