நெசவாளர் வீட்டு மளிகைக் கணக்கு

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் முன்னோர் மொழி. வரவு குறைவாயிருப்பதால் மட்டும் ஒரு குடும்பம் கெட்டுவிடாது, செலவு அதைவிடப் பெருகாமல் இருந்தால் போதும் என்ற கருத்தைத் திருவள்ளுவரும் வலியறிதல் அதிகாரத்தில் கூறியிருக்கிறார். இல்லறத்தின் செலவுகளுள் நாள்தோறும் நடப்பது சாப்பாட்டுச் செலவு. புதுத்துணி வாங்குவதைத் தள்ளிப் போடலாம். சுவருக்கு வெள்ளை அடிப்பதையும் தள்ளிப் போடலாம். அடுப்பு மூட்டுவதைத் தள்ளிப் போட முடியுமா?

ஜெர்மனி நாட்டுப் புள்ளியியல் அறிஞர் எர்ன்ஸ்ட் ஏங்கல் என்பவர் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவுகளை ஆராய்ந்து, 1857-ஆம் ஆண்டில் ஓர் உண்மையை வெளியிட்டார். ஒரு குடும்பத்தின் வருமானம் எவ்வளவுக்கெவ்வளவு குறைவோ, அவ்வளவுக்கவ்வளவு அதில் உணவுக்குப் போகும் பங்கு அதிகம் என்பதே அது. இதனை இன்றும் ‘ஏங்கல் விதி’ என்கிறார்கள். நம் நாட்டில் 2023-24-இல் எடுக்கப்பட்ட குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி, கிராமப்புறக் குடும்பம் செலவழிக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஏறக்குறைய 47 ரூபாயும், நகர்ப்புறக் குடும்பத்தில் ஏறக்குறைய 40 ரூபாயும் உணவுக்கே செல்கின்றன. ஆகவே மளிகைக் கணக்கைச் சரியாகப் போடத் தெரிந்தவர்களுக்குக் குடும்பக் கணக்கில் பாதி கைவந்துவிட்டது எனலாம்.

கூலி வரும் நாளும் பசி வரும் நாளும்

மாதச் சம்பளக்காரர் வீட்டில் முதல் தேதி சம்பளம் வரும். அன்றே மளிகைப் பட்டியலும் கடைக்குப் போகும். நம் காஞ்சி மாநகரில் பட்டு நெய்யும் குடும்பங்களுக்கு அப்படிப்பட்ட முதல் தேதி இல்லை. தறியிலிருந்து சேலையை அறுத்துச் சங்கத்திலோ முதலாளியிடமோ கொடுத்த பிறகுதான் கூலி கிடைக்கும். ஒரு கோர்வைச் சேலையை முடிக்கப் பத்து நாள் ஆகலாம். வேலைப்பாடு மிகுந்ததானால் இருபது நாளும் ஆகலாம். இதற்கிடையே வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் தறி நின்றுவிடும். எங்கள் வீட்டில் அப்பா தறியில் உட்காருகிறார். அம்மா தார் சுற்றுகிறார். இருவர் உழைப்புக்கும் சேர்த்து வருவது ஒரே கூலி.

மழைக்காலம் வந்தால் நிலைமை இன்னும் கடினம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தெருவில் பாவு விரிக்க முடியாது, தறிக்குழியில் ஈரம் ஊறும், வேலை தடைப்படும். வைகாசியில் வரதராசப் பெருமாள் கோயில் கருட சேவையைக் காண வெளியூர் உறவினர் வருவார்கள். அப்போது வீட்டில் நான்கு இலைக்குப் பதில் எட்டு இலை போடவேண்டும். ஆக, வரவு ஒரு மாதம் குறைகிறது. செலவு இன்னொரு மாதம் கூடுகிறது. எனவே நெசவாளர் வீட்டில் மளிகைக் கணக்கை ஒரு மாதத்திற்கு மட்டும் போட்டால் போதாது. நல்ல மாதத்தில் மெலிந்த மாதத்தையும் நினைத்துப் போடவேண்டும்.

முதலில் அளவு, பிறகு பணம்

பலர் முதலில் ‘இம்மாதம் இவ்வளவு ரூபாய்’ என்று எழுதிவிட்டுப் பிறகு பொருள்களைக் குறைக்கிறார்கள். அதற்கு மாறாக, நம் உடலுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை முதலில் எழுதிப் பார்ப்பதே முறை. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சராசரியாக ஒருவருக்கு ஒரு நாளைக்கு 250 கிராம் தானியமும், பருப்பு, பயறு, முட்டை, மாமிசம் எல்லாம் சேர்ந்து 85 கிராமும் வேண்டுமென்று வழிகாட்டுகிறது. நான்கு பேருக்கு முப்பது நாள் என்று பெருக்கினால் தானியம் 30 கிலோ. பருப்பு வகையும் முட்டை வகையும் சேர்ந்து ஏறக்குறைய 10 கிலோ.

இப்போது நம் வீட்டுக் கணக்கோடு ஒப்பிடுவோம். தமிழ்நாட்டில் 2011 ஜூன் மாதம் முதல் நியாய விலைக் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. நான்கு பேர் உள்ள அரிசி அட்டைக் குடும்பத்திற்கு மாதம் 20 கிலோ. ஆகவே அரிசியில் நமக்கு வெளியே வாங்கவேண்டியது 10 கிலோதான். ஆனால் துவரம் பருப்பு அட்டைக்கு ஒரு கிலோதான் கிடைக்கும். கிலோ 30 ரூபாய். வேண்டியதோ 10 கிலோ! எனவே பணம் குறையும்போது சோறு குறைவதில்லை. சாம்பார்தான் நீர்த்துப் போகிறது. வயிறு நிறைவதால் குறை இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. அரிசியில் மிச்சமாகும் பணம் பருப்புக்கும் முட்டைக்கும் கீரைக்கும் போகவேண்டும். முறுக்குப் பாக்கெட்டுக்கும் கலர் பானத்துக்கும் போனால் அரசு தந்த அரிசியின் பயனில் பாதியை நாம் இழந்தவர்கள் ஆவோம்.

அரிசிக்காக நம் மாநிலம் நடத்திய போராட்டம் நீண்டது. நம் ஊரில் பிறந்த அறிஞர் அண்ணா 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி தமது இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்று அறிவித்தார். ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி வழங்கப்பட்டது. ஒரு படி அரிசிக்கு அன்றைய இல்லத்தரசிகள் எவ்வளவு ஏங்கினார்கள் என்பதை இதிலிருந்து உணரலாம்.

கடனா, கைக்காசா?

கூலி வரத் தாமதமானால் கடைக்காரரிடம் பற்று நோட்டில் எழுதிவிட்டுச் சாமான் வாங்கி வருவது நம் தெருக்களில் வழக்கம். அவசரத்துக்கு உதவுபவர் கடைக்காரரே. அவரைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் கடன் வைத்திருப்பவர்கள் வேறு கடையில் விலை குறைவு என்று தெரிந்தாலும் அங்கே போக முடியாது. ‘இந்தப் பருப்பு பழையது, வேறு கொடுங்கள்’ என்று கேட்கவும் நா எழாது. கையில் காசு இல்லாததால் கால் கிலோ, நூறு கிராம் என்று வாங்குவோம். சிறிய பொட்டலத்தில் கிராம் விலை பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும். இப்போது பொட்டலத்தின் மீதே கிராமுக்கு என்ன விலை என்றும் அச்சிடுகிறார்கள். படித்த பிள்ளைகளாகிய நாம் அதைப் பார்த்து அம்மாவுக்குச் சொல்லலாம் அல்லவா?

இந்தத் துன்பம் நெசவாளர்களுக்குப் புதிதன்று. இங்கிலாந்தில் ரோச்டேல் என்பதும் ஒரு நெசவாளர் ஊரே. அங்கே கூலி குறைந்து, கடன் பெருகி, கடைகளில் கலப்பட மாவு விற்ற காலத்தில், நெசவாளர் உள்ளிட்ட 28 தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து 1844 டிசம்பர் 21-ஆம் நாள் தாங்களே ஒரு மளிகைக் கடையைத் திறந்தார்கள். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் அவர்கள் விற்ற முதற் சரக்குகள். கலப்படம் கூடாது, எடை குறையக் கூடாது, கடன் கிடையாது என்பவை அவர்கள் வகுத்த விதிகள். ஆதாயத்தை வாங்கியவர்களுக்கே பகிர்ந்து கொடுத்தார்கள். உலகெங்கும் பரவிய கூட்டுறவு இயக்கத்திற்கு அச்சிறு கடையே வழிகாட்டியாயிற்று. அதன் வழியிலே 1904-இல் சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அதே ஆண்டு அக்டோபரில் இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவு செய்யப்பட்டது. எந்த ஊரில் தெரியுமா, தோழியரே? நம் காஞ்சிபுரத்தில்தான்! நம் முன்னோர் கடனின் துன்பத்தை அறிந்திருந்ததோடு, கூடி நின்றால் அதைத் தாங்கலாம் என்பதையும் அறிந்திருந்தார்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு

நான்கு பேர் உள்ள ஒரு குடும்பம் உணவுக்கென்று மாதம் 6000 ரூபாய் ஒதுக்குவதாக வைத்துக்கொள்வோம். விலைகள் மாறும், ஆகவே பங்கிடும் முறையை மட்டும் கவனியுங்கள்.

நியாய விலைக் கடையில் துவரம் பருப்பு ஒரு கிலோ, பாமாயில் ஒரு லிட்டர், சர்க்கரை இரண்டு கிலோ: 30, 25, 50 ஆக 105 ரூபாய்.
வெளியே வாங்கும் இட்லி அரிசி, உளுந்து, பயறு, எண்ணெய், புளி, மிளகாய் முதலியன: 2400 ரூபாய்.
பால்: 700 ரூபாய்.
காய்கறி, கீரை, பழம், நாளுக்கு 50 வீதம்: 1500 ரூபாய்.
முட்டை, மீன் அல்லது கூடுதல் பயறு: 800 ரூபாய்.
மெலிந்த மாதத்திற்கான சேமிப்பு: 495 ரூபாய்.
மொத்தம் 6000 ரூபாய்.

இக்கணக்கைக் காக்கச் சில எளிய வழிகள் உண்டு. கூலி வந்த அன்றே மாதத்துக்குரிய அரிசி, பருப்பு, எண்ணெயை வாங்கி டப்பாக்களை நிரப்பிவிடவேண்டும். கடைக்குப் போகுமுன் டப்பாக்களைத் திறந்து பார்த்து, இருப்பதை எழுதிவிட்டு இல்லாததை மட்டும் பட்டியலிடவேண்டும். காய்கறிப் பணத்தை வாரவாரமாகப் பிரித்துத் தனித்தனி உறையில் வைக்கலாம். இப்போது கைப்பேசியைக் காட்டியே பணம் கொடுத்துவிடுவதால் கை குறைவது கண்ணுக்குத் தெரிவதில்லை. உறையில் வைத்த பணமானால் வாரக் கடைசியில் உறை மெலிந்து நம்மை எச்சரிக்கும். விலை ஏறிய காயை விட்டு அந்தந்தப் பருவத்துக் காயை வாங்கவேண்டும். பீன்ஸ் ஏறினால் பூசணி இருக்கிறது; தக்காளி ஏறினால் புளி இருக்கிறது.

மாதம் 495 ரூபாய் எம்மாத்திரம் என்று சிலர் நினைக்கலாம். நான்கு மாதம் சேர்ந்தால் 1980 ரூபாய். மழை மாதத்தில் பற்று நோட்டைத் திறக்காமல் இருக்க அது பேருதவியாகும். பணமாகச் சேர்க்க முடியாதவர்கள் பொருளாகவும் சேர்க்கலாம். சமைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைக்கும் பழக்கம் நம் பாட்டிமார்களிடம் இருந்தது. காஞ்சிப் பரமாச்சாரியார் ஏழைகளுக்காகப் பிடி அரிசித் திட்டத்தைப் பரப்பினார். மிசோரம் மாநிலத்துக் கிறிஸ்தவப் பெண்கள் 1910 முதல் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்துத் தங்கள் திருச்சபையின் பணிகளையே நடத்தி வருகிறார்கள். ஒரு பிடியின் வலிமையைப் பாருங்கள்!

கணக்கில் எழுதப்படாத ஒன்று

இவ்வளவு கூறியபின் முக்கியமான ஒன்றைக் கூறவேண்டும். கணக்கு உதைக்கும் மாதங்களில் பல வீடுகளில் அது எப்படிச் சரிக்கட்டப்படுகிறது தெரியுமா? எல்லாருக்கும் பரிமாறிய பிறகு அம்மா கடைசியில் சாப்பிடுகிறார். குழம்பு தீர்ந்திருந்தால் மோரும் ஊறுகாயும் அவருக்குப் போதும். முட்டை மூன்று இருந்தால் ‘எனக்குப் பிடிக்காது’ என்று சொல்லிவிடுகிறார். நோட்டில் கணக்கு இடிக்கவில்லை. ஆனால் குறைந்த பணம் அம்மாவின் தட்டிலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது!

2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தச்சோகை இருப்பது தெரிய வந்தது. அந்த வயது வரம்பில் நம் அன்னையர் இருக்கிறார்கள். பதினைந்து வயதான நாமும் இருக்கிறோம். இரத்தச்சோகைக்குக் காரணங்கள் பல இருந்தாலும், கடைசியில் உண்பதும் குறைவாக உண்பதும் அவற்றுள் முக்கியமானவை. தார் சுற்றும் கை சோர்ந்தால் தறியும் நிற்கும். அப்போது சிக்கனம் என்று நாம் எண்ணியது நட்டமாக முடியும்.

இதற்குப் பெரிய செலவு வேண்டியதில்லை. பட்டியல் எழுதும்போதே நான்கு பேர் என்றால் நான்கு பங்கு எழுதவேண்டும். முட்டை மூன்றுதான் இருந்தால் அவித்து வைக்காமல் பொரியலாக்கி நான்காகப் பங்கிடலாம். பரிமாறத் தொடங்குமுன் அம்மாவின் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைக்கலாம். இரவு உணவையாவது எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து உண்ணலாம். முருங்கைக்கீரை, கேழ்வரகு, வேர்க்கடலை ஆகியவை விலை மலிந்தவை, சத்து மிகுந்தவை. அவற்றை வாரப் பட்டியலில் சேர்க்கலாம். அப்பாவும் அண்ணனும் இதில் பங்கு கொண்டால் இன்னும் சிறப்பு.

குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15-ஆம் நாள், அண்ணா பிறந்த நாளன்று, நம் காஞ்சிபுரத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. வீட்டில் பெண் செய்யும் வேலைக்கும் மதிப்பு உண்டு என்பதை அது நமக்கு உணர்த்தியது. அந்த உரிமை நம் வீட்டுத் தட்டிலும் இருக்கவேண்டும் அல்லவா?

தோழியரே, இந்த மாதம் வீட்டு மளிகைப் பட்டியலை நீங்களே எழுதிப் பாருங்கள். கூட்டலும் பெருக்கலும் நமக்குப் பள்ளியில் கற்பிக்கப்பட்டவைதாமே! பொருளை அளந்து வாங்குங்கள், கடனைத் தவிருங்கள், நல்ல மாதத்தில் சிறிது சேமியுங்கள். மொத்தம் போட்ட பிறகு அம்மாவின் பங்கு அதில் இருக்கிறதா என்று ஒரு முறை சரிபாருங்கள். அது இருந்தால்தான் உங்கள் கணக்குச் சரி.