நின்று நிதானமாக – 11: காணாமல் போன அரை மணி நேரம்

போன வாரம், 1979இல் மாசசூசெட்ஸில் ஜான் கபட்-ஜின் தொடங்கிய எட்டு வார மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சியில், ஒற்றை உலர்திராட்சையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றது தொடர். அதை ஜொகூர் பாருவுக்குக் கொண்டுவருவதாக வாக்கு. திராட்சை இன்னும் கையில்தான் இருக்கிறது. குறுக்கே ஒரு கடிகாரம் வந்து உட்கார்ந்துவிட்டது.

1981 டிசம்பர் 31, இரவு 11.30. தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அங்கிருந்து நேரே நள்ளிரவுக்குத் தாவின. சபா, சரவாக்கோடு நாடு முழுவதும் ஒரே நேரம் இருக்க வேண்டும் என்பது காரணம். சிங்கப்பூரும் அதே இரவு முள்ளைத் திருகிக்கொண்டது. பதிவேட்டுக் கணக்கில் அந்த அரை மணியில் பிறந்தவரும் இல்லை, இறந்தவரும் இல்லை. மகாதீர் பிரதமராகி அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை. அரசு ஊழியர்கள் வருகை அட்டை அடிக்க வேண்டும், சட்டையில் பெயர்ப் பட்டை குத்திக்கொள்ள வேண்டும் என்று கெடுபிடி வந்த காலமும் அதுவே.

இது முதல் திருட்டும் அல்ல. 1905இல் மலாயாவின் நேரம் கிரீன்விச்சைவிட 7 மணி முன்னே என்று நிர்ணயமானது. 1933இல் 20 நிமிடம் கூட்டினார்கள். 1941இல் இன்னொரு 10. மறு ஆண்டு ஜப்பானியர் வந்து தோக்கியோ நேரத்தையே சுமத்தினார்கள். ஒரேயடியாக ஒன்றரை மணி நேரம். போர் முடிந்ததும் அது போயிற்று. பிறகு 1982. முள் பின்னுக்குப் போனது போர் முடிந்தபோது மட்டும்தான். மற்ற எல்லா முறையும் முள் முன்னுக்கே நகர்ந்தது. ஜனங்கள் அந்த அளவுக்கு முன்னதாக எழுந்தார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் வேடிக்கை இன்னும் கூடுகிறது. ஜொகூர் பாரு நிற்கும் தீர்க்கரேகைக்குச் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பகல் 1 மணி 5 நிமிடத்துக்கு. சென்னையில் அது 12.09. சென்னைக்காரருக்கும் சூரியனுக்கும் 9 நிமிட மனஸ்தாபம். ஜொகூர்க்காரருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். ஆறு மணிக்கு விடியும் என்று வைத்துக்கொண்டு திங்கட்கிழமை ராகுகாலத்தை ஏழரை முதல் ஒன்பது என்கிறோமே, ஏழு மணியை ஒட்டி விடியும் ஜொகூரில் அது எட்டரை முதல் பத்து. ஊரிலிருந்து வந்த நாள்காட்டியை அப்படியே சுவரில் மாட்டி நல்ல காரியத்துக்கு நேரம் குறித்தவர்கள், ராகுவிடமே நேராகப் போய் நின்றிருக்கக்கூடும்.

இப்போது அதிகாலை 5 மணிக்கு ஜொகூர் கடற்பாலத்தைப் பார்க்கலாம். நிறுத்திவைத்த ஊதுவத்திக் கட்டு மாதிரி மோட்டார் சைக்கிள்களின் சிவப்பு விளக்குகள். காற்று நெஞ்சில் அடிக்காமலிருக்க ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டியிருப்பார்கள். முதுகுப் பக்கம் ஜிப் பாதி திறந்து படபடக்கும். வேலை அக்கரையில், சிங்கப்பூரில்; வீடு இக்கரையில். சூரியக் கணக்கில் அப்போது நான்குகூட அடித்திருக்காது. 1924இல் திறந்த அந்தப் பாலம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். நடந்தால் கால் மணி. அக்கரையில் நடப்பவர்களோ வேறு ரகம். 2007இல் ரிச்சர்ட் வைஸ்மன் என்ற உளவியலாளர் 32 நகரங்களில் 60 அடி தூரத்தை ஜனங்கள் எவ்வளவு நேரத்தில் கடக்கிறார்கள் என்று அளந்தார். 10.55 விநாடியோடு முதலிடம் சிங்கப்பூருக்கு. உலகத்திலேயே வேகமாக நடக்கும் ஊருக்கு வேலைக்குப் போகிறவரிடம் வந்து, “கொஞ்சம் நிதானமாக இருங்கள், மூச்சைக் கவனியுங்கள்” என்றால் அவர் எதைக் கவனிப்பார்? ஹெல்மெட்டுக்குள் மூச்சு முகக்கண்ணாடியில் ஆவியாகப் படிவதை வேண்டுமானால் கவனிக்கலாம். அவசரம் மனசின் கோளாறு என்று பேசும் மைண்ட்ஃபுல்னஸ் வகுப்புகள் அது கடிகாரத்திலிருந்தும் வரலாம் என்பதை வசதியாக விட்டுவிடுகின்றன.

பாலத்தில் நிற்கும் அந்த மோட்டார் சைக்கிள்காரரின் பாட்டி ஜொகூரின் ஏதோ ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவராக இருக்க வாய்ப்பு உண்டு. அவரும் இருட்டில்தான் எழுந்தார். ஆனால் அவரை எழுப்பியது வேலைக்கு ஆள் கூட்டும் வெறும் பெரட்டு மணி அல்ல, மரம். இரவில் இலை நீரை விடுவது குறைவு. அதனால் விடியலுக்கு முன்பு பால்குழாய்களில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், வெட்டினால் பால் தாராளமாக இறங்கும். வெயில் ஏறினால் அழுத்தம் சரிந்துவிடும்.

சீக்கிரம் போகலாம்; சீக்கிரமாக வெட்ட முடியாது. நெற்றியில் கட்டிய விளக்கு காட்டும் வட்டத்துக்குள் பட்டையை ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் சீவ வேண்டும். மேலாகச் சீவினால் பால் வராது. ஆழமாகப் போனால் வளர்படலத்தில் காயம். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பின்னால் அந்த இடத்தில் கத்தி ஓடாது. வெட்டில் உறைந்த ஒட்டுப்பாலை உரித்து, பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைத் துடைத்து, சீவி, பால் சொட்டுகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த மரம். அப்படி ஒரு காலையில் நூற்றுக்கணக்கான மரங்கள். கபட்-ஜின்னின் மாணவர்கள் திராட்சையைத் தடவிப் பார்த்துக் கற்ற கவனத்தை, கூலிக்கணக்கில் கற்றிருந்தார் அந்தப் பாட்டி. அதைத் தியானம் என்று அழகுபடுத்துவதும் தப்பு; கொசுக்கடியும் அட்டைக்கடியும் அதில் அடக்கம்.

நகர்ந்தது கடிகார முள் மட்டுமல்ல, வார விடுமுறையும்தான்; அது தனி அத்தியாயம். 2014இல் ஜொகூர் வெள்ளி, சனிக்கு மாறியது. 2025 ஜனவரி 1 முதல் மறுபடி சனி, ஞாயிறு. இடைப்பட்ட பதினோரு ஆண்டுகள், சிங்கப்பூரில் வேலை பார்த்த அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு, பிள்ளைக்கோ அன்று பள்ளிக்கூடம். 

தொடரை இந்த வாரம் முழுக்க அரித்த கேள்வி ஒன்றுதான். 1982 ஜனவரியில் முள் நகர்ந்தது, மரத்தின் பால் நகரவில்லை. தோட்டத்தில் பெரட்டு மணியை மறுநாள் பழைய ஐந்தரைக்கு அடித்தார்களா, புதிய ஐந்தரைக்கா? புதிய மணிக்கு என்றால், அரை மணி கூடுதல் இருட்டில் வெட்டப் போனார்களா? குளுவாங், ரெங்கம், கூலாய், சிகாமட் பக்கம் அப்போது வேலை செய்தவர்கள், அல்லது அம்மா சொல்லக் கேட்டவர்கள், தோட்டத்தின் பெயரோடு எழுதி அனுப்புங்கள். திராட்சை அடுத்த வாரம்.