கேள்வி கேட்காதே, காகிதம் கேள்!

ஒரு புலனாய்வுச் செய்தி எப்படித் தயாராகிறது என்று எட்டிப் பார்க்க ஆசையா? வாங்க, விழுப்புரம் பஸ்ஸைப் பிடிப்போம்! ரகசியக் கேமரா எதுவும் வேண்டாம், ஒரு பாஸ்புக் போதும்.

2020 ஊரடங்கு நேரம். பி.எம். கிசான் திட்டத்தில் விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக வரும். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் பக்கம் விவசாயமே செய்யாதவர்கள் கணக்கிலும் அந்தப் பணம் வந்து விழுந்தது! அதிகாரிகளின் பாஸ்வேர்டை வைத்துப் போலிப் பதிவுகள் நடந்தது அம்பலமானது. தகுதியில்லாதவர்கள் சுமார் ஐந்தரை லட்சம் பேர், போன பணம் 110 கோடி ரூபாய் என்று தமிழக அரசே கணக்குச் சொன்னது. விசாரணை சி.பி.சி.ஐ.டி.யிடம் போனது. பாஸ்புக்கில் ஒரு வரி, அதற்குப் பின்னால் இத்தனை கோடி! அந்த வரியைப் படிக்கத் தெரிந்த நிருபர் ஊருக்கே சொத்து இல்லையா?

அந்த வித்தையின் முதல் பாடத்துக்கு ஒரு வெள்ளைத்தாளும் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பும் போதும். 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டம்தான் பாடப் புத்தகம். "எங்க தெரு ரோடு ஏன் இப்படி இருக்கு?" என்று மனு எழுதினால் ஒன்றும் கிடைக்காது. 'ஏன்' என்பதற்கு விளக்கம் சொல்லும் கடமை பொதுத் தகவல் அலுவலருக்கு இல்லை. ஆனால் சட்டம் விலக்கு அளித்தவை தவிர, கையில் உள்ள ஆவணத்தைத் தந்தாக வேண்டும். ஆகவே மதிப்பீடு, பணி ஆணை, எம்.புக் நகல் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். எம்.புக் என்ற அளவுப் புத்தகம் இருக்கிறதே, அது ஒரு புதையல்! எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு கனம் என்று பில் போட்ட அளவெல்லாம் அதில் இருக்கும். நகலையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனால் செய்தி தானாகப் பேச ஆரம்பிக்கும். வேலையை நேரில் ஆய்வு செய்யவும், போட்ட பொருளின் சான்றளித்த மாதிரியைக் கேட்டு வாங்கவும்கூட இந்தச் சட்டம் உரிமை தருகிறது!

அடுத்த பாடம் திண்டிவனத்துக்கே ஏற்றது. சிப்காட் தொழிற்பேட்டை, நெடுஞ்சாலை என்று நிலத்துக்கு மவுசு உள்ள ஊர். பட்டா, அ-பதிவேடு, வில்லங்கச் சான்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, ஒரே சர்வே எண்ணை மூன்றிலும் தேட வேண்டும். நிலம் யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது, திட்டம் அறிவித்த தேதிக்கு முன்னாலா பின்னாலா? தேதிகளை வரிசையாக எழுதும்போது கிடைக்கும் பரவசம் இருக்கிறதே, அடடா!

இப்படிக் கற்றுக்கொடுத்தால் பலன் உண்டா? கல்லூரிப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பழக்கும் விகடனின் மாணவர் பத்திரிகையாளர் பயிற்சித் திட்டத்திலிருந்து தமிழுக்கு எத்தனையோ செய்தியாளர்கள் வந்திருக்கிறார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் 1993-ல் ஒரு ஃபெலோஷிப் கிடைத்து, ராமநாதபுரம், புதுக்கோட்டை உள்ளிட்ட நாட்டின் மிக ஏழை மாவட்டங்களைச் சுற்றி எழுதினார். அது 1996-ல் புத்தகமாகி உலகமெங்கும் வாசிக்கப்பட்டது. அவரே 2014-ல் தொடங்கிய 'பாரி' இணையதளம் இன்று தமிழிலும் கிராமங்களின் கதையைச் சொல்கிறது.

ஆனால் பயிற்சி மட்டும் போதுமா? தகவல் மனுவின் பதிலுக்கே 30 நாள் கெடு. அது வரவில்லையென்றால் மேல்முறையீடு. அத்தனை நாளும் பகுதிநேர நிருபர் பஸ் செலவுக்கு என்ன செய்வார்? செய்தி வந்தபின் வக்கீல் நோட்டீஸ் வந்தால் யார் நிற்பார்? பயிற்சியோடு மாதச் சம்பளமும், ஒரு வக்கீலும், வரிக்கு வரி ஆதாரம் கேட்கும் ஆசிரியரும் சேர்ந்தால்தான் அது முழு ஆதரவு.

விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசுக் கல்லூரியிலும், திண்டிவனம் கோவிந்தசாமி அரசுக் கல்லூரியிலும் இந்த ஊர் வயலையும் ரோட்டையும் அறிந்த பிள்ளைகள் படிக்கிறார்கள். பத்திரிகைகளே, சென்னையிலிருந்து ஆளை அனுப்ப வேண்டாம். இந்தப் பிள்ளைகளுக்கு எம்.புக் படிக்கச் சொல்லிக்கொடுங்கள்!