காலில் காயம் பட்ட ஓட்டக்காரர் நீரில் ஓடுவது ஏன்?

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் 2 முதல் 3 மடங்கு விசை காலில் இறங்குகிறது. எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வேகத்தை இந்தச் சுமை மிஞ்சினால், கணுக்காலுக்கு மேலே, காலின் முன்னெலும்பில் மயிரிழை விரிசல் விழலாம். அது ஆறப் பல வாரங்கள் ஆகும். ஆனால் முழு ஓய்வெடுத்தால், 2, 3 வாரங்களிலேயே இதயத்தின் திறன் குறையத் தொடங்கிவிடும்.

அதனால் பயிற்சியின் வகை மாற்றப்படுகிறது. கழுத்தளவு நீரில் கால்கள் தாங்குவது எடையில் சுமார் 10 சதவீதமே. இடுப்பில் மிதவைப் பட்டை கட்டி, பாதம் தரை தொடாமல் ஆழ்நீரில் ஓடினால், மோதல் இன்றியே இதயம் உழைக்கும். சைக்கிள் தொடைக்கு வேலை தரும். எடைப் பயிற்சி இடுப்புத் தசைகளை வலுவாக்கும்.

பயிற்சியின்போதோ மறுநாள் காலையிலோ எலும்பில் வலி எடுத்தால், அந்தப் பயிற்சியை நிறுத்த வேண்டும். வலியின்றி நடக்க முடிந்த பிறகு, மருத்துவர் ஒப்புதலுடன், நடையும் ஓட்டமும் கலந்து படிப்படியாகப் பழைய ஓட்டத்துக்குத் திரும்பலாம்.