வேலை மாறினால் வழக்கா?

(இறுதியாண்டு மாணவி, மின்னியல் துறை)

டிப்ளமோவைக் கையில் வாங்கிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் என்று பஸ் ஏறப்போகும் நம்மில் பலரிடம் முதல் வாரத்திலேயே ஒரு முத்திரைத்தாள் நீட்டப்படும். அதற்குப் பெயர் பாண்டு. இத்தனை வருடம் வேலை பார்க்க வேண்டும். நடுவில் போனால் இத்தனை ஆயிரம் கட்ட வேண்டும். போன பிறகும் ஒரு வருடமோ இரண்டு வருடமோ இதே தொழில் செய்யும் போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது. மீறினால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும். எல்லாம் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருக்கும். பென்சிலால் குறி போட்டுக் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, ரூம் எங்கே, கேண்டீன் எங்கே என்று கேட்கப் போய்விடுவோம். சீனியர் அண்ணன்மார் யாரைக் கேட்டாலும் இதே கதைதான்.

கடற்கரையில் பிறந்த நமக்கு இந்த மாதிரிக் கட்டு புதிதும் அல்ல. என் அப்பா ராமேஸ்வரத்தில் விசைப்படகில் கூலிக்குக் கடலுக்குப் போகிறவர். சம்மாட்டியிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு படகில் ஏறுவதுதான் வழக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது அடுப்பெரிய வாங்கியது, அக்கா கல்யாணத்துக்கு வாங்கியது, என் முதல் வருட பீஸுக்கு வாங்கியது என்று அது ஏறிக்கொண்டே போகும். அந்தப் படகு சரிப்படவில்லை என்றால் வேறு படகுக்குப் போகலாம். புதுச் சம்மாட்டி பழைய சம்மாட்டிக்குப் பாக்கியைக் கொடுத்து ஆளை எடுத்துக்கொள்வார். கடன் தீராது, கை மாறும். அவ்வளவுதான்.

ஒருநாள் ஒரு பாண்டு நகலை அப்பாவுக்கு வாசித்துத் தமிழில் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "பாக்கியக் குடுத்துட்டா எந்தப் படகுலயும் ஏறலாம்னுதான் எங்க வழக்கம். இதென்னம்மா, பணமும் கட்டணும், அடுத்த படகுல ஏறவும் கூடாதுங்குறான்?"

இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் உண்டா என்று நான் தேடப் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கும் ஓர் அண்ணன், நம்மைப் போல டிப்ளமோ படித்தவர், சென்னைப் பக்கம் ஒரு கம்பெனியில் சி.என்.சி. மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வருட பாண்டு. பதினாலாவது மாதம், அதே மாதிரி பாகம் செய்யும் வேறு கம்பெனியில் சம்பளம் கூட என்று ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு மாறிவிட்டார். அடுத்த மாதம் வீட்டுக்கு ரிஜிஸ்டர் தபால். ஒன்றரை லட்சம் கட்ட வேண்டும், புதுக் கம்பெனியை விட்டு உடனே விலக வேண்டும், தவறினால் சிவில் மற்றும் கிரிமினல் நடவடிக்கை. தெருவில் இங்கிலீஷ் வாசிக்கக் கூடியவள் என்று அவருடைய அம்மா அதை என்னிடம்தான் கொண்டுவந்தார். கிரிமினல் என்ற ஒரு வார்த்தை அவருக்குப் புரிந்துவிட்டது. "போலீஸ் வருமாடி? நகைய வச்சுக் கட்டிரட்டா?" என்று கேட்டார். அத்தையின் கழுத்தில் இருந்தது ஒரே ஒரு சங்கிலி.

நானும் அத்தையும் ராமநாதபுரம் கோர்ட் வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனோம். அங்கே ஒரு வக்கீல் அம்மா பொறுமையாகச் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் போலீஸ். வேலையை விட்டுப் போவது குற்றமாக இருந்த காலம் ஒன்று நிஜமாகவே இருந்தது. வெள்ளைக்காரன் 1859-இல் ஒரு சட்டம் போட்டான். அட்வான்ஸ் வாங்கிய தொழிலாளி வேலையைச் செய்யாமல் போனால் முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் புகார் செய்யலாம். வேலைக்குப் போ என்ற உத்தரவையும் மதிக்காவிட்டால் மூன்று மாதம் வரை கடுங்காவல். அந்தச் சட்டம் 1925-இல் நீக்கப்பட்டது. அது போய் நூறு வருடம் ஆகிவிட்டது. பயம் மட்டும் நம் வீடுகளில் இன்னும் குடியிருக்கிறது. இன்று ஒப்பந்தத்தை மீறி வேலையை விடுவது குற்றம் இல்லை. அது இரண்டு பேருக்கு நடுவே உள்ள சிவில் விவகாரம். குறிப்பிட்ட நிவாரணச் சட்டம், 1963 என்று ஒன்று இருக்கிறது. அதன்படி கோர்ட்டே கூட ஓர் ஆளை "போய் அவனிடம் வேலை செய்" என்று இழுத்துக்கொண்டு போய் விட முடியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். கம்பெனி டிராயிங்கைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போனாலோ, டூலை எடுத்துக்கொண்டு போனாலோ அது வேறு கதை. அதற்குப் போலீஸ் வரும், வரவும் வேண்டும்.

அடுத்தது, போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்ற நிபந்தனை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இல் வந்தது. அதன் 27-வது பிரிவு சொல்வது சுருக்கமான விஷயம்: ஒருவர் நியாயமான தொழில் எதையும் செய்யவிடாமல் தடுக்கிற ஒப்பந்தம், தடுக்கிற அளவுக்குச் செல்லாது. சட்டம் வந்த இரண்டே வருடத்தில், 1874-இல், கல்கத்தாவில் ஒரு வழக்கு. ஒரே வட்டாரத்தில் இரண்டு பித்தளைப் பாத்திரக் கடைக்காரர்கள். "நீ இங்கே கடையை மூடு, உன் தொழிலாளிகளுக்கு நீ கொடுத்த அட்வான்ஸ் 900 ரூபாயை நான் தருகிறேன்" என்றார் ஒருவர். மற்றவர் மூடினார், பணம் வரவில்லை, வழக்குப் போட்டார். அந்த ஒப்பந்தமே செல்லாது, பணம் கேட்க முடியாது என்று தீர்ப்பு. அந்த ஊரில் மட்டும்தானே தடை என்ற சமாதானத்தையும் கோர்ட் ஏற்கவில்லை. (அந்தக் காலத்துக் கல்கத்தாவிலும் ஆளுக்கு அட்வான்ஸ்தான் என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.)

அப்படியானால் நிபந்தனை முழுக்க வெத்து வேட்டு என்று நினைத்துவிடாதீர்கள். இங்கேதான் நுணுக்கம் இருக்கிறது. நம்மைப் போன்ற ஒரு தொழில்நுட்பக்காரரின் வழக்கே சுப்ரீம் கோர்ட் வரை போயிருக்கிறது. பம்பாய் அருகே கல்யாணில் டயருக்கான நூல் செய்யும் செஞ்சுரி ரேயான் ஆலை. அந்த நுட்பத்தை ஹாலந்து, மேற்கு ஜெர்மனி கம்பெனிகளிடம் பணம் கொடுத்து, ரகசியம் காப்போம் என்று எழுதிக் கொடுத்து வாங்கியிருந்தார்கள். கோலிகாரி என்பவர் ஐந்து வருட ஒப்பந்தத்தில் ஷிப்ட் சூப்பர்வைசராகச் சேர்ந்தார். அந்த நுட்பத்தில் தனிப் பயிற்சியும் பெற்றார். 1964-இல் பாதியில் விட்டுவிட்டு, அதே நூலைச் செய்யும் கோட்டாவில் உள்ள ராஜஸ்தான் ரேயானுக்குக் கூடுதல் சம்பளத்துக்குப் போய்விட்டார். கம்பெனி வழக்குப் போட்டது. 1967 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் கம்பெனி பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கிற காலத்துக்குள் போட்டியாளரிடம் போகாதே என்பது 27-வது பிரிவுக்கு விரோதம் ஆகாது என்றார்கள். ஆனால் தடையை எப்படிப் போட்டார்கள் என்று பாருங்கள். அந்த ஐந்து வருடத்தில் மிச்சம் இருந்த காலத்துக்கு மட்டும். அந்த நூல் சம்பந்தப்பட்ட அதே மாதிரி வேலைக்கு மட்டும். வேறு வேலைக்குப் போக அவருக்குத் தடை இல்லை.

ஒப்பந்தம் முடிந்த பிறகு? 1980-இல் இன்னொரு வழக்கு. சரக்குகளின் தரம், எடை பார்த்துச் சான்று தரும் ஒரு கல்கத்தா கம்பெனி, தன் டெல்லிக் கிளை மேனேஜரை வேலையை விட்டு நீக்கியது. அவர் டெல்லியிலேயே அதே தொழிலைச் சொந்தமாக ஆரம்பித்தார். இரண்டு வருடம் கூடாது என்று எழுதிக் கொடுத்தாயே என்று கம்பெனி போய் நின்றது, தோற்றது. 2006-இல் கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் சம்பந்தப்பட்ட வழக்கில், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் நீளுகிற தடை செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் தெளிவாகவே சொன்னது. ஆக, பாண்டு காலம் முடிந்த பிறகு "போட்டிக் கம்பெனிக்குப் போகாதே" என்ற வரிக்குப் பயப்படத் தேவை இல்லை.

நம் தங்கச்சிமடத்து அண்ணனுக்கு இன்னும் பத்து மாதம் பாக்கி இருந்ததே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். வக்கீல் அம்மா திருப்பிக் கேட்டார்: "கோலிகாரிக்குக் கிடைச்ச மாதிரி ரகசியப் பயிற்சி உங்க அண்ணனுக்கு என்ன குடுத்தாங்க?" அவருக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு வாரம், மெஷினை ஓட்ட. அந்த மெஷின் எல்லா ஊரிலும் இருக்கிறது. கையில் ஏறிய தொழில் தொழிலாளியின் சொத்து. அதைக் கம்பெனியின் ரகசியம் என்று சொல்ல முடியாது.

இனி பணம். இதைத்தான் நம் ஆட்கள் இரண்டு விதமாகவும் தப்பாகச் சொல்கிறார்கள். "பாண்டெல்லாம் செல்லாதுடா" என்பது ஹாஸ்டல் சட்டம். அதை நம்பாதீர்கள். விஜயா வங்கியில் 2007-இல் சேர்ந்த ஓர் அதிகாரி, மூன்று வருடத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற நிபந்தனையை ஏற்றவர், 2009-இல் ஐ.டி.பி.ஐ. வங்கிக்கு மாறினார். ஆட்சேபத்தோடு பணத்தைக் கட்டிவிட்டு வழக்குப் போட்டார். கர்நாடக உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார். 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் அதை மாற்றிவிட்டது. நிபந்தனை செல்லும் என்றது. பொதுத்துறை வங்கி விளம்பரம், தேர்வு என்று செலவு செய்து ஆள் எடுக்கிறது, அவருடைய பதவிக்கும் சம்பளத்துக்கும் அந்தத் தொகை அதிகம் இல்லை என்பது காரணம். அவர் ஐ.டி.பி.ஐ.க்குப் போனதை யாரும் தடுக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். அப்பா சொன்ன கடல் வழக்கம் போலத்தான்: பாக்கியைக் கொடு, படகு மாறிக்கொள்.

எவ்வளவு பாக்கி என்பதுதான் கேள்வி. "ஒன்றரை லட்சம் என்று எழுதியிருக்கிறது, அதனால் ஒன்றரை லட்சம்" என்று ஆகிவிடாது. ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவின்படி எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான ஈடு எது என்று கோர்ட் பார்க்கும். 1963-இலேயே சுப்ரீம் கோர்ட் இதை விளக்கியிருக்கிறது. பதினையாயிரம் சம்பளக்காரனுக்கு ஒரு வாரம் மெஷின் காட்டியதற்கு ஒன்றரை லட்சம் என்றால், செலவுக் கணக்கைக் காட்டு என்று கேட்க நமக்கு இடம் உண்டு. வழக்குப் போடுவதாக இருந்தால் மீறிய நாளிலிருந்து 3 வருடத்துக்குள் போட வேண்டும்.

இன்னொன்று, நம் வயதுக்கு முக்கியமானது. கேம்பஸில் கையெழுத்துப் போடும்போது பலருக்குப் பதினேழு வயதுதான். 18 ஆகாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று 1903-லேயே பிரிவி கவுன்சில் தீர்ப்பு இருக்கிறது. அதனால்தான் சில கம்பெனிகள் அப்பாவிடமும் ஜாமீன் கையெழுத்து வாங்குகின்றன. அது அப்பாவை நேராகவே மாட்டிவிடும் கையெழுத்து. கைநாட்டு வைக்கிற அப்பாக்கள் உள்ள வீட்டில் இதை இரண்டு தரம் வாசித்துச் சொல்லுங்கள்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பிடித்து வைப்பது அடுத்த ஆயுதம். மருத்துவ மேல்படிப்பு பாண்டு பற்றிய வழக்கில், கல்விச் சான்றிதழ் ஒன்றும் விற்பனைச் சரக்கு இல்லை, அதைப் பாக்கிக்குப் பிடித்து வைக்கும் உரிமை கிடையாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சரிபார்க்கக் காட்டலாம், நகல் கொடுக்கலாம், ஒரிஜினலை விட்டுவிட்டு வரக் கூடாது.

உண்மையைச் சொன்னால், நம்மை நிஜமாகக் கட்டுவது இந்தச் சட்டங்களை விட ரிலீவிங் லெட்டர் என்ற ஒற்றைத் தாள்தான். புதுக் கம்பெனி அதைத்தான் கேட்கும். பழைய கம்பெனி அதைத்தான் தராது. அதனால் நோட்டீஸ் காலத்தை முழுக்கப் பார்த்துவிட்டு, ராஜினாமாவை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்கிக்கொண்டு விலக வேண்டும். இரவோடு இரவாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்து போனை அணைத்து வைப்பவர்களுக்கு எந்தப் பிரிவும் உதவாது.

கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டிப் பக்கத்து நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. துபாய், கத்தார் போனால் நம் 27-வது பிரிவு கூட வராது. கத்தாரில் முதலாளியின் சம்மதக் கடிதம் இல்லாமல் வேலை மாறலாம் என்று 2020-இல் சட்டம் வந்தது. ஆனால் அமீரகத்தின் 2021-ஆம் வருடத் தொழிலாளர் சட்டம், போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்ற நிபந்தனையை 2 வருடம் வரை அனுமதிக்கிறது. அங்கே போட்ட கையெழுத்தை இங்கே உள்ள ஞாயத்தால் அளக்க முடியாது.

அத்தையின் சங்கிலி கழுத்திலேயே இருக்கிறது. நோட்டீஸுக்கு எழுத்தில் பதில் போனது: ராஜினாமா முறைப்படி கொடுக்கப்பட்டது, ரகசியம் எதுவும் எடுத்துப் போகவில்லை, பயிற்சிக்கு ஆன செலவின் கணக்கைக் காட்டினால் நியாயமானதைத் தவணையில் தரத் தயார். ஏழு மாதமாக மறு தபால் இல்லை. 3 வருடம் முடியும் வரை வழக்கு வரலாம் என்பதையும் வக்கீல் அம்மா மறைக்காமல் சொன்னார். ஒப்பந்தத்தில் சென்னைக் கோர்ட் என்று போட்டிருப்பதால் அங்கேதான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

இதற்கெல்லாம் ஆன செலவு தங்கச்சிமடம் – ராமநாதபுரம் பஸ் சார்ஜும் ரிஜிஸ்டர் தபால் செலவும். பெண்களுக்கும், ஆலைத் தொழிலாளிகளுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. போனில் கேட்பதாக இருந்தால் 15100. போகும்போது பாண்டு நகலையும் தபால் வந்த கவரையும் எடுத்துப் போங்கள். கவரில் உள்ள தேதியை அவர்கள் கேட்பார்கள்.